பழைய தொட்டியில் பீ பஃபர் விடும் முன்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கப்பியும் டெட்ராவும் ஒரு வருடம் நோயில்லாமல் வாழ்ந்த தொட்டி. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. அதில் பீ பஃபர் என்ற குட்டி நன்னீர்ப் பேத்தை மீனைக் கொண்டு வந்து விட்டால், பத்தாவது நாள் வயிறு ஒட்டிப்போய் மூலையில் கிடக்கிறது. பெரும்பாலும் பழி மீன் மேல்தான் விழும். காரணம் தொட்டியில்தான் இருக்கும், அதுவும் மீன் வருவதற்கு முன்பே இருந்திருக்கும்.

ஒரு தொட்டியின் ஃபில்டரில் இருந்து கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா, அந்தத் தொட்டியில் தினமும் விழும் தீனியின் அளவுக்குத்தான் வளர்ந்திருக்கும். சிட்டிகை ஃப்ளேக் விழுந்த இடத்தில் இனி தினமும் புழுவும் நத்தையும் விழப்போகிறது. பஃபர் நாகரிகமாகச் சாப்பிடும் மீன் இல்லை. கடித்து, துப்பி, பாதியை மணலில் விட்டுவிட்டு அடுத்த புழுவைத் தேடும். பழைய தொட்டி அந்தக் கழிவைத் தாங்குமா என்பதை மீன் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இங்கே பேசுவது பீ பஃபரைப் பற்றி மட்டும். 1941-ல் மீனியல் ஆய்வாளர்கள் ஹோராவும் நாயரும் பம்பை ஆற்று மீனை வைத்து விவரித்த இனம் இது. அறிவியல் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது. கேரளத்தின் நன்னீரில் செடி அடர்ந்த, மெதுவாக ஓடும் இடங்களில் வாழும். வளர்ந்தாலும் மூன்று சென்டிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். உப்பு தேவையில்லை. கடலோரத்தில் வலையில் விழும் பேத்தை மீனின் குடும்பம்தான், வளர்ப்பு முறை வேறு.

கணக்குக்கு எல்லா இடத்திலும் ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்கிறோம். நிரப்பினால் 42 லிட்டர். மணல், கல், மேலே விட்ட இடைவெளி போக நிஜத் தண்ணீர் 35 லிட்டர்தான். மருந்தோ உப்போ போடும்போது இந்த 35-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மீன் வாங்கும் முன்: தொட்டி காட்டும் அறிகுறிகள்

அம்மோனியா 0, நைட்ரைட் 0, ஆனால் பிஹெச் 6.2

பழைய தொட்டிகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். தொட்டியை ஆர்ஓ தண்ணீரிலேயே நடத்துபவர்களிடம் அடிக்கடி பார்க்கலாம். பாக்டீரியா, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் ஒவ்வொரு முறையும் தண்ணீரில் உள்ள கார்பனேட்டைச் செலவழிக்கிறது. ஆர்ஓ தண்ணீரில் அது கிட்டத்தட்ட இல்லை. கேஹெச் (தண்ணீரின் கார்பனேட் அளவு) பூஜ்யத்தைத் தொட்டதும் பிஹெச் சரியும், பாக்டீரியாவின் வேலையும் மந்தமாகும். பழைய மீன்கள் மெதுவாகப் பழகிக்கொள்ளும். புதிதாக வரும் மீனுக்கு அந்த அவகாசம் கிடையாது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிஹெச் குறைவாக இருக்கும்போது அம்மோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த அம்மோனியமாக நிற்கும். 28 டிகிரியில் பிஹெச் 7-ல் மொத்த அம்மோனியாவில் விஷப் பகுதி 0.7 சதவீதம், பிஹெச் 8-ல் 6.5 சதவீதம், ஒன்பது மடங்குக்கு மேல். 'தண்ணீர் கெட்டுவிட்டது' என்று ஒரே நாளில் பாதித் தண்ணீரைப் போர் தண்ணீரால் மாற்றினால் பிஹெச் எகிறும். சோதனையில் 0.25 என்று மங்கலாக நின்ற அம்மோனியா அன்றைக்கே விஷமாகும்.

சரி செய்ய: பத்து நாள், தினமும் 10 சதவீதம், அதாவது மூன்றரை லிட்டர் மாற்றுங்கள். ஆர்ஓவுடன் குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரையோ போர் தண்ணீரையோ கலந்து கேஹெச் 4 முதல் 6 வரை கொண்டுவாருங்கள். அதன்பின் விழாமல் இருக்க, நன்கு கழுவிய கிளிஞ்சல் ஒரு கைப்பிடியை வலைப்பையில் கட்டி ஃபில்டர் அருகில் வையுங்கள். சுடாத கிளிஞ்சலாகப் பார்த்து வாங்குங்கள். சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பு. தண்ணீரில் போட்டால் சில நிமிடத்தில் பிஹெச் ஏறி உள்ளே இருக்கும் அத்தனையும் சாகும்.

ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடுகட்ட மட்டும் ஆர்ஓ சரி. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் உள்ளேயே தங்கிவிடும்.

நைட்ரேட் 40-க்கு மேல்

20-க்குக் கீழே கொண்டுவந்த பிறகே மீன் வாங்குங்கள். மணலை ஒரே நாளில் முழுக்கக் கிளறாதீர்கள். மூன்று பகுதியாகப் பிரித்து வாரம் ஒரு பகுதியைச் சைஃபன் செய்யுங்கள், அதாவது குழாயால் அழுக்கை உறிஞ்சி எடுங்கள். ஆழமான பழைய மணலை மொத்தமாகக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றமும் அடியில் சேர்ந்திருந்த அம்மோனியாவும் ஒன்றாக வெளியே வரும். மணல் கிளறும் வாரத்தில் ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட வேண்டாம். ஒரு முன்னெச்சரிக்கை: நைட்ரேட் கிட்டில் இரண்டாவது பாட்டில் அடியில் படியும். முப்பது நொடி நன்றாகக் குலுக்காமல் சொட்டினால் 80 இருக்கும் இடத்தில் 10 காட்டும்.

பழைய மீன்களை எடுத்துவிட்டு, தொட்டி மூன்று வாரமாகச் சும்மா ஓடுகிறது

தீனி விழாத தொட்டியில் பாக்டீரியாவும் குறைந்திருக்கும். சோதனையில் எல்லாம் 0 காட்டும், ஏனென்றால் உள்ளே கழிவே இல்லை. நிஜத் தாங்குதிறனைப் பார்க்க அம்மோனியம் குளோரைடு போட்டுச் சோதியுங்கள். நவச்சாரம் என்று ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்துவதும் அதே வேதிப்பொருள்தான், ஆனால் அதன் தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் தூளாக வாங்குங்கள். 2.5 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 40 லிட்டருக்கு 10 மி.லி. ஊற்றினால் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) வரும். நமது 35 லிட்டருக்கு 9 மி.லி. போதும். மீன், இறால், நத்தை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

24 மணி நேரம் கழித்து அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 என்றால் தொட்டி தயார். அம்மோனியா 0, நைட்ரைட் 1 என்றால் பாதிதான் தயார். அம்மோனியா 0 ஆகும் ஒவ்வொரு முறையும் அதில் பாதி அளவு ஊற்றி, இரண்டும் ஒரே நாளில் தீரும் வரை தொடருங்கள். கடைசியில் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு இரண்டு நாளுக்குள், தனி டப்பாவில் நான்கு வாரம் முடித்த மீனை இந்தத் தொட்டியில் விடுங்கள். அதற்குமேல் காலியாக விட்டால் பட்ட பாடு வீண்.

இரண்டு மாதத்துக்குள் தாமிரம் கலந்த மருந்து போட்ட தொட்டி

செதில் இல்லாத இந்த மீனும், அது தின்னப்போகும் நத்தையும் தாமிரத்தைத் தாங்காது. சுண்ணாம்புக் கல்லும் பவளத் துண்டும் தாமிரத்தைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அவற்றை எடுத்துவிட்டு, புது ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, 30 சதவீதத் தண்ணீர் மாற்றத்தை மூன்று நான்கு முறை செய்யுங்கள். பிறகு ஐந்தாறு சின்ன நத்தைகளை விட்டு ஒரு வாரம் பாருங்கள். அவை ஓட்டுக்குள் சுருங்கியே கிடந்தால் இன்னும் தாமிரம் இருக்கிறது.

இருக்கிற மீன்களோடு சேர்த்து விடலாமா?

கூடாது. கப்பியின் வால், ஃபைட்டரின் துடுப்பு, ஏஞ்சலின் நீண்ட இழை எல்லாம் கடிபடும். செர்ரி இறால் குட்டிகள் ஒரு வாரம்கூடத் தாங்காது. 'எங்கள் தொட்டியில் சேர்ந்து இருக்கிறதே' என்று சொல்பவர்கள் உண்டு. பஃபர் குட்டியாக இருக்கும் இரண்டு மூன்று மாதம் அப்படித்தான் இருக்கும். பழைய மீன்களுக்கு வேறு இடம் பாருங்கள்.

எத்தனை பஃபர்? முதல் மீனுக்கு 20 லிட்டர், அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 10 லிட்டர் நிஜத் தண்ணீர். ஒன்றரை அடி தொட்டியில் ஒன்றே ஒன்று விடுங்கள், தனியாக நன்றாக வாழும். இரண்டு விடுவதுதான் மோசமான எண்ணிக்கை, ஏனென்றால் அடி முழுக்க ஒன்றின் மேலேயே விழும். கூட்டமாக வேண்டுமென்றால் 70 லிட்டர் நிஜத் தண்ணீரில் ஆறு, அதில் ஆண் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

கடையில்: பையில் போடும் முன் பார்க்க வேண்டியவை

மீனை மேலிருந்து பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் உடல் உருண்டு அகன்று, பிறகு வால் பக்கம் குறுக வேண்டும். கண் இரண்டும் துருத்தி, உடம்பு அவற்றுக்குப் பின்னால் ஊசி மாதிரி ஒட்டியிருந்தால் அது பல நாள் பட்டினி. காப்பாற்றலாம், ஆனால் முதல் பஃபர் வளர்ப்பவர் எடுக்க வேண்டிய மீன் இல்லை. நல்ல மீன் உங்கள் விரலைப் பார்க்கும். ஒரு கண் உங்கள் மேலும் மறு கண் தீனி வரும் பக்கமும் தனித்தனியாகச் சுழலும். அந்தப் பார்வை இருக்கும் மீனை எடுங்கள்.

பளிச்சென்ற பச்சை முதுகில் வட்டமான கறுப்புப் புள்ளிகளும் வெள்ளை வயிறுமாக இருந்தால் அது பீ பஃபர் இல்லை, பச்சைப் புள்ளி பஃபர். கடைக்காரர் 'நல்ல தண்ணி மீன்தான்' என்று சொல்லியே தருவார். அது பதினைந்து சென்டிமீட்டர் வரை வளரும், வளர வளர உப்புத் தண்ணீர் கேட்கும். இந்த வழிமுறை அதற்குப் பொருந்தாது.

வளர்ப்பில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா என்றும் கேளுங்கள். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது அழியக்கூடும் நிலையில் உள்ள இனம். வளர்ப்பு மீன் கிடைத்தால் பத்து இருபது ரூபாய் கூடக் கொடுத்தும் அதையே வாங்குங்கள். வயிற்றில் புழுவும் குறைவாக இருக்கும்.

மீன் வந்த பிறகு

விட்டதும் நிறம் கறுத்து, அடியில் உட்கார்ந்துவிட்டது

முதல் நாள் மாலை வரை இது சகஜம். லைட்டை அணைத்துவிட்டுத் தனியாக விடுங்கள். மறுநாளும் வயிறு சாம்பல் நிறமாகவே இருந்தால் பையின் தண்ணீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் உள்ள டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) வித்தியாசத்தைப் பாருங்கள். (பையில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்திருக்க வேண்டும்.) கடையில் 200, உங்கள் போர் தண்ணீரில் 900 என்றால் அந்தத் தாவல்தான் காரணம். வித்தியாசம் 150-க்கு மேல் இருந்தால் ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு நொடிக்கு இரண்டு சொட்டாக ஒரு மணி நேரம் பழக்கிய பிறகே விட வேண்டும்.

கூரியரில் ஒரு நாளுக்கு மேல் பையில் கிடந்து வந்த மீனுக்கு இந்தச் சொட்டு முறை ஆகாது. மூடிய பைக்குள் மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு பிஹெச்சைத் தாழ்த்தி, அம்மோனியாவை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறிப் பிஹெச் ஏறும், அம்மோனியா விழித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் அந்தத் தண்ணீரிலேயே வைத்துப் பழக்கினால் அவ்வளவு நேரமும் மீன் விஷத்தில் கிடக்கும். பையை மூடியபடியே 15 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். திறந்ததும் மீனைக் கிண்ணத்தில் மொண்டு, டிடிஎஸ் ஒத்த தண்ணீர் உள்ள தனித் தொட்டியில் விட்டுவிடுங்கள்.

எப்போதும் கிண்ணம்தான், வலை வேண்டாம். தண்ணீருக்கு வெளியே பயந்தால் பஃபர் காற்றை விழுங்கி உப்பும், அதை வெளியேற்றத் தெரியாமல் தலைகீழாக மிதக்கும். அப்படி ஆனால் கையைத் தண்ணீருக்குள் வைத்து, வாய் மேல்நோக்கி இருக்கும்படி மெல்லப் பிடித்திருங்கள். காற்று குமிழாக வெளியே வரும்.

கண்ணாடியோரம் மேலும் கீழும் ஓயாமல் நீந்துகிறது

மூன்று காரணங்களில் ஒன்று: தன் பிம்பம், வெறுமையான தொட்டி, பலமான நீரோட்டம். பின்புறமும் ஒரு பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். வேலம்பாசி, ஜாவா ஃபெர்ன் போன்றவற்றை, ஒரு முனையில் இருந்து பார்த்தால் மறுமுனை தெரியாதபடி அடர்த்தியாக வையுங்கள். பவர் ஃபில்டரின் வாயைக் கண்ணாடியை நோக்கித் திருப்புங்கள். சின்னத் துடுப்பை விசிறிக்கொண்டு நின்ற இடத்திலேயே மிதக்கும் மீன் இது. ஓட்டத்தை எதிர்த்து நாள் முழுக்க நீந்த அதனால் ஆகாது. ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் இதற்கு ஏற்றது. பவர் ஃபில்டரை வைத்துக்கொண்டால் உறிஞ்சும் வாய்க்கு ஸ்பாஞ்ச் உறை போடுவது கட்டாயம்.

எதையும் சாப்பிடவில்லை

அதிகம் பேர் தோற்பது இங்கேதான். பெல்லட்டையும் ஃப்ளேக்கையும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், ஏறக்குறைய எல்லா பீ பஃபரும் அவற்றைத் தீனியாகவே மதிக்காது. அசைவதுதான் அதற்கு உணவு.

முதல் வாரத்துக்கு மிளகு அளவு நத்தைகள் பத்துப் பதினைந்தைத் தொட்டியில் முன்கூட்டியே விட்டு வையுங்கள். தோல் மாதிரி மெல்லிய ஓடு உள்ள குளத்து நத்தை, சின்ன ராம்ஸ்ஹார்ன் நத்தை இரண்டும் நல்லது. பஃபர் நத்தைக்கு நேரே வந்து நிற்கும், தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அளக்கும், நத்தை உடலை வெளியே நீட்டும் நொடியில் 'டக்'. அந்தச் சத்தம் சில சமயம் கண்ணாடிக்கு வெளியேயும் கேட்கும். அதைப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

கொசுப்புழுவும் மொய்னா என்ற பொடி நீர்வாழ் உயிரியும் அடுத்த படி. கொசுப்புழுவை வீட்டில் வளர்ப்பவர்கள் வாளியைக் கொசுவலையால் இறுகக் கட்டி, புழுவை அன்றன்றைக்கே வடித்துவிட வேண்டும். டெங்கு பரப்பும் கொசுவும் அதே வாளியில்தான் முட்டையிடும். கடையில் உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடையிலிருந்து வருவது. சாப்பிட வைக்கும் அவசரத்தில் அதைப் போட்டுக் குடல் நோயை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

பிறகு உறைய வைத்த ரத்தப்புழு. கட்டியை அப்படியே போடாமல் தொட்டித் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சிவந்த நீரைக் கொட்டிவிடுங்கள். அது வெறும் கழிவு. 20 மி.லி. சிரிஞ்சில் ஏர் டியூபைச் செருகி, மீனுக்கு முன்னால் ஒவ்வொரு புழுவாக விட்டு, நீரை லேசாகத் தள்ளி அசையச் செய்யுங்கள். ஒரு மீனுக்கு வேளைக்கு மூன்று முதல் ஐந்து புழு, நாளுக்கு இரண்டு வேளை. வயிறு லேசாக உருண்டால் போதும். கோலிக்குண்டு மாதிரி ஆனால் அளவு மீறிவிட்டது. பதினைந்து நிமிடத்தில் மிச்சத்தை அதே சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள்.

நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனாலும் வயிறு ஒட்டிப்போகிறது. கழிவு வெள்ளை நூல் மாதிரி

குடல் புழு. ஆற்றில் பிடித்த மீன்களில் மிகச் சாதாரணம். இதற்காகத்தான் பழைய தொட்டியில் நேராக விடாமல் நான்கு வாரம் தனியாக வைக்க வேண்டும். 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, மூன்று வாரம் முன்பே பழைய தொட்டியில் ஓடவிட்டு எடுத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், கொஞ்சம் செடி, இவ்வளவு போதும்.

உருண்டைப் புழுவுக்கு லெவமிசோல்: லிட்டருக்கு 2 மி.கி., ஆக 20 லிட்டருக்கு 40 மி.கி. வெளிச்சத்தில் இது சிதையும் என்பதால் 24 மணி நேரம் டப்பாவைத் துணியால் மூடி வையுங்கள். பிறகு அடியை சைஃபன் செய்து பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றுங்கள். மருந்து புழுவைக் கொல்வதைவிடச் செயலிழக்க வைத்து வெளியே தள்ளுவதுதான் அதிகம், விழுந்ததை அப்புறப்படுத்தாவிட்டால் பயனில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. நாடாப்புழு சந்தேகம் என்றால் பிரசிக்வான்டெல், லிட்டருக்கு 2.5 மி.கி. இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டாம். மி.கி. என்று சொல்வது மருந்தின் அளவை, மாத்திரையின் மொத்த எடையை அல்ல.

இரண்டாவது வாரம் அம்மோனியா 0.5, அல்லது நைட்ரைட் தெரிகிறது

மேலே சொன்ன தாங்குதிறன் சோதனையைத் தாண்டாமல் விட்டதன் விளைவு. அன்றே 30 சதவீதத் தண்ணீர் மாற்றம், ஒரு நாள் தீனி நிறுத்தம், பிறகு ஒரு வாரம் பாதித் தீனி. நைட்ரைட் இருந்தால் 35 லிட்டருக்கு மூன்றரை கிராம் கல்லுப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றுங்கள். குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவியிருந்தால் குளோரினில் பாக்டீரியா செத்திருக்கும். இனி தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும் பிழியுங்கள்.

மேல்மட்டத்தில் வாய் திறந்து மூச்சு வாங்குகிறது

அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 என்றால் வெப்பத்தைப் பாருங்கள். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மி.கி. ஆக்சிஜன் கரையும், 30-ல் 7.5 மட்டுமே. மே மாதச் சென்னையில் தொட்டி 32-ஐத் தாண்டும். மூடியைத் திறந்து வலை போட்டு, சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். செடிக்காக கார்பன் டை ஆக்சைடு விடும் தொட்டியில் காலையில் மட்டும் இப்படி என்றால், இரவில் அது நிறுத்தப்படுகிறதா என்று பாருங்கள்.

ஒன்றையொன்று துரத்துகிறது, வாலில் அரைவட்டக் கடி

ஆண்களின் வயிற்றில் நடுக்கோடு கறுப்பாக ஓடும், கண்ணுக்குப் பின்னால் சுருக்கம் தெரியும். பெண் உருண்டையாக இருக்கும். கடையில் குட்டியாக வாங்கும்போது இது தெரியாது, வளர்ந்த பிறகுதான் ஆண் அதிகம் என்று புரியும். துரத்துவதைத் தனி டப்பாவில் ஐந்து நாள் வைத்துவிட்டு, செடிகளை இடம் மாற்றி நட்டபின் திரும்ப விடுங்கள். எல்லைகள் கலைந்திருக்கும். பிறகும் ஓயவில்லையென்றால் அதற்கு வேறு தொட்டிதான்.

நத்தை எல்லாம் தீர்ந்துவிட்டது

கூம்பு வடிவ மலேசிய நத்தை நிறைய இருக்கிறதே என்று அதைத் தீனியாக நம்பாதீர்கள். அதன் ஓடு கடினம், பல் உடையும்.

பத்து லிட்டர் வாளியில் தொட்டியிலிருந்து எடுக்கும் பழைய தண்ணீரை நிரப்பி, இருபது ராம்ஸ்ஹார்ன் விட்டு, வாரம் இரண்டு முறை வேகவைத்த கீரை இலையோ வெள்ளரித் துண்டோ போடுங்கள். ஓடு நொறுங்காமல் இருக்க ஒரு துண்டு கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் தருவார்கள். இந்த வாளியை மீன் வாங்குவதற்கு ஆறு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.